சேற்றுக்கு அடியில் கல்

முப்பது வருஷமாக ஈரோட்டில் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். சேற்றில் மாட்டிய வண்டியை எடுக்க எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டாம் என்ற திமிர், லாவோஸின் புவலபா பக்கம் அரை மணி நேரத்தில் அடங்கிவிட்டது. மே கடைசியில், மழை தொடங்கியபின் போனது என் புத்தி. பட்டன் டயரின் இடுக்கெல்லாம் செம்மண் அப்பி, சக்கரம் பிசைந்த மாவுருண்டையாகிவிட்டது. இறங்கிக் காலால் துழாவினால், அடியில் வரிசையாகப் பாவிய கல் தட்டுப்பட்டது. வியட்நாம் போர்க்காலத்தில் வியட்நாமியர் லாரிகளுக்காகப் போட்ட கல்.

வெளியுலகுக்கு அந்த வழி ஹோ சி மின் பாதை; வியட்நாமியருக்கு ட்ருவோங் சோன். வட வியட்நாமிலிருந்து தெற்கே ஆளும் ஆயுதமும் அனுப்ப, 1959 மே மாதம் ஒரு படைப்பிரிவை அமைத்தார்கள். மாதத்தையும் ஆண்டையும் சேர்த்து 559 என்றே அதற்குப் பெயர். முதலில் முதுகுச் சுமை, அப்புறம் சைக்கிள். ஹேண்டில்பாரில் மூங்கிலைக் கட்டி நீட்டி, சீட்டுக்குப் பின்னால் இன்னொரு கழியைச் செருகி, ஏறி மிதிக்காமல் தள்ளியே 200 கிலோ கொண்டுபோயிருக்கிறார்கள். அந்த சைக்கிளின் ஸ்போக்கை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

பிறகு சோவியத் லாரிகள் வந்தன. ஆனால் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் அவை ஒழுங்காக ஓடின; மழை விழுந்தால் பாதை படுத்துவிடும். அமெரிக்கர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 1967 முதல் 1972 வரை மேகத்தில் ரசாயனம் தூவி மழைக்காலத்தை இழுத்துப் பார்த்தார்கள். அந்த ரகசியத் திட்டத்துக்கு, கீரை தின்னும் கார்ட்டூன் மாலுமி பொப்பாயின் பெயர்! விஷயம் வெளியே கசிந்து நாறியது. வானிலையை ஆயுதமாக்கத் தடை போடும் ஒப்பந்தம் 1977இல் கையெழுத்துக்கு வந்தது. பாதைக்காரர்களிடமும் தந்திரம் இருந்தது. ஆற்று நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கல் அடுக்கிப் பாலம் கட்டினார்கள். லாரி போகும், விமானத்துக்குத் தெரியாது.

செ பங் ஃபாய் ஆற்றை நாங்கள் கடந்தது இரண்டு அலுமினியப் படகுகளைப் பலகையால் பிணைத்த தெப்பத்தில். தடவிப் பார்த்தேன். போர் விமானங்கள் கழற்றிவிட்ட எரிபொருள் டேங்கை நீளவாக்கில் அறுத்துச் செய்தவை.

அக்கரையில் வழிகாட்டி ஒரே கட்டளை போட்டார்: சக்கரத் தடத்தை விட்டு இறங்காதே, ஒன்றுக்குப் போவதென்றாலும். 1964 முதல் 1973 வரை லாவோஸ் மீது 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு விழுந்தது. கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் மட்டும் 27 கோடி. வெடிக்காமல் கிடப்பவை இன்னும் ஏராளம். ஊர்க்காரர்கள் 'பொம்பி' என்கிறார்கள், ஏதோ நாய்க்குட்டியைக் கூப்பிடுவது போல.

செபோன் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது கியர் லீவர் வளைந்திருந்தது. அங்கிருந்த மெக்கானிக் கழற்றி, தரையில் பாதி புதைத்திருந்த பழைய குண்டு ஓட்டின் மேல் வைத்துத் தட்டினார். நாலு தட்டில் நேரானது. என் பட்டறைக்கல்லை விட நல்ல எஃகு.