கிள்ளான் பள்ளத்தாக்கு: நிலமும் உரிமையும்

ஒரு நிலப்பகுதியின் வரலாற்றை அறிய விரும்புவோர், அங்கு என்ன விளைந்தது என்று கேட்பதோடு நிறுத்திவிடலாகாது. விளைவித்தவனுக்கு அந்நிலத்தில் என்ன உரிமை இருந்தது என்றும் கேட்டல் வேண்டும்.

கோலாலம்பூரில் கோம்பாக் ஆற்றோடு கலந்து மேற்கே கடலை நோக்கிச் செல்வது கிள்ளான் ஆறு. ஈயம் ஏற்றிய படகுகள் ஒரு காலத்தில் இதன் வழியே சென்றன. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடா வரை இருப்புப்பாதை அமைந்தது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டது. பாதையும் துறையும் வாய்க்கவே, காடு அழிந்து தோட்டங்கள் பெருகின. முதலில் காப்பி பயிராயிற்று. பிரேசில் நாட்டின் மிகுவிளைச்சலால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதன் விலை சரிய, ரப்பர் அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. 1917இல் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமராம் தோட்டத்தில், நாட்டிலேயே முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை நடப்பட்டது.

ஏறத்தாழ இதே காலத்தில் கனடா நாட்டின் பரந்த புல்வெளிகளிலும் இருப்புப்பாதையை ஒட்டி உழவு பரவிற்று. முன்னர்ப் பழங்குடியினர் வாழ்ந்த நிலம் அது. 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து டாலர் பதிவுக் கட்டணம் செலுத்திக் குடியேறியவன் குறித்த ஆண்டுகள் அங்கே வாழ்ந்து பயிரிட்டால், 160 ஏக்கர் அவனுக்கே சொந்தமாயிற்று. கோதுமை விளைத்தவன் நிலக்கிழான் ஆனான். இங்கோ, காட்டை வெட்டிப் பால்மரம் வளர்த்த தமிழனுக்கு லயத்தில் ஓர் அறையும் நாட்கூலியுமே கிடைத்தன. வேலை போயின், வீடும் போயிற்று!

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் அவர்களுக்கு வழிகாட்டினார். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, கள்ளுக்கடை ஒழிப்பு, பிள்ளைகளுக்கு நல்ல கல்வி ஆகியவற்றைக் கேட்டனர். துரையைக் கண்டதும் மிதிவண்டியினின்று இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். கூலியோடு மானத்தையும் வேண்டிய போராட்டம் அது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் தம் சிறுசேமிப்பைத் திரட்டித் தாமே தோட்டம் வாங்க முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. ஆயினும், பள்ளத்தாக்கின் பெரும்பாலான தோட்டங்கள் நகரங்களாகிவிட்டன. ஷா ஆலமில் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளியும், சுபாங் ஜெயாவில் சீபீல்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளியும் உள்ளன. பெயரில் நிற்கும் தோட்டத்தைச் சுற்றுப்புறத்தில் காண்பதற்கில்லை.

நிலம் பெற்றவன் வரலாற்றைப் பட்டயம் காக்கும். நிலம் பெறாதவன் வரலாற்றைப் பள்ளிதான் காக்க வேண்டும். தம் பள்ளியின் பெயரில் 'தோட்டம்' என்னும் சொல் ஏன் நிற்கிறது என்பதை மாணவர்க்கு விளக்குவது, ஆசிரியர்கள் நடத்த வேண்டிய முதல் வரலாற்றுப் பாடமாகும்.