பத்தில் ஒன்று எங்கே?

"கையை நீட்டு!"

நீட்டுகிறான் உழவன். அதிகாரி உள்ளங்கையைத் தடவிப் பார்க்கிறார். ரேகை பார்த்து வருங்காலம் உரைக்கவா? இல்லை, காய்ப்பு இருக்கிறதா என்று பார்க்க! காய்த்த கையென்றால் வரிசையில் நில். மென்மையான கையென்றால் ஊருக்குத் திரும்பு. 1940களிலே மெக்சிகோ நாட்டுத் தலைநகரின் விளையாட்டரங்கில் நடந்த தேர்வு இது. படித்தவனைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகளை நாம் பள்ளியிலே நடத்துகிறோம். பாடுபட்டவனைத் தேர்ந்தெடுக்கும் தேர்வை அங்கே நடத்தினர்.

உலகப் போர் மூண்டிருந்த நேரம். அமெரிக்க இளைஞர் போர்முனைக்கும் ஆயுத ஆலைக்கும் சென்றுவிட்டனர். வயலில் கிழங்கு காத்திருந்தது, தோட்டத்தில் கனி காத்திருந்தது, பறிக்க ஆளில்லை. 1942 ஆகஸ்டு 4ஆம் நாள் இரு அரசுகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன: மெக்சிகோ உழவன் வரலாம், வேலை செய்யலாம், வேலை முடிந்ததும் திரும்பிவிட வேண்டும். அவனுக்கு 'பிரசேரோ' என்று பெயர் வழங்கிற்று. ஸ்பானிய மொழியில் 'பிராசோ' என்றால் கை. ஆளை அழைக்கவில்லை அமெரிக்கா, கையைத்தான் அழைத்தது! கையோடு வயிறும் வாயும் சேர்ந்து வந்ததைக் கண்டு பின்னர் முகம் சுளித்தது.

1964 முடிய நீடித்தது இந்த ஏற்பாடு. எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் 45 இலட்சத்துக்கும் மேல். ஒருவனே பலமுறை சென்று வந்ததும் உண்டு. போர்க்காலத்தில் தண்டவாளம் பழுதுபார்க்கவும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை அழைத்துச் சென்றனர். குட்டைப் பிடி போட்ட களைக்கொட்டைத் தந்து, பொழுதெல்லாம் குனிந்தே களையெடுக்கச் செய்தனர். அந்தக் கருவியைக் கலிபோர்னியா தடை செய்தது எப்போது தெரியுமா? 1975இல்! பிரசேரோக்கள் போய்ப் பதினோராண்டு கழித்து! அதற்குள் எத்தனை முதுகுகள் நிமிர மறந்தனவோ!

ஆளை அடையாளம் காண்பதில் மட்டும் குறையே வைக்கவில்லை. நிழற்படம் எடுத்தனர், கைரேகை பதித்தனர், நெஞ்சை ஊடுகதிரில் பார்த்தனர், 1950களில் எல்லைக் கூடங்களிலே வரிசையாக நிறுத்தி டி.டி.டி. மருந்துப் பொடியையும் முகத்தில் தூவினர். எண்ணிட்ட அடையாள அட்டை ஒன்று தந்தனர். யார், எந்த ஊர், எந்தப் பண்ணை, எத்தனை நாள் என்பதெல்லாம் ஏட்டில் ஏறியது.

இனி, கூலிக்கு வருவோம். தொடக்கத்தில் மணிக்குக் குறைந்தது 30 சென்ட் என்று உறுதி. அதில் பத்தில் ஒன்றைப் பிடித்துக்கொள்வது ஒப்பந்த விதி. பத்து மணி நேரம் உழைத்தால் 3 டாலர். அதில் 30 சென்ட், அதாவது ஒரு மணி நேர உழைப்பு, கைக்கு வராது. வரியா? அன்று, அன்று! சேமிப்பாம்! ஊர் திரும்பியதும் மொத்தமாகக் கிடைக்குமாம். உழவுக் கருவி வாங்கிக்கொள்ளலாமாம். திட்டம் பழுதற்றது என்றே நாமும் ஒப்புவோம். சான் பிரான்சிஸ்கோவின் வெல்ஸ் பார்கோ வங்கிக்குச் சென்றது பணம்; அங்கிருந்து மெக்சிகோ வங்கிக்கு; அங்கிருந்து வேளாண் கடன் வங்கிக்கு. பணத்தைக் காப்பதும் திருப்பித் தருவதும் அந்த வங்கியின் பொறுப்பென்று 1943இல் திருத்தி எழுதிய ஒப்பந்தமே கூறிற்று.

மூன்று வங்கிகளின் வாசலைக் கடந்த பணம் நான்காவது வாசலை, அந்த உழவனின் குடிசை வாசலை, அடையவேயில்லை! பெற்றவர் சிலர், பெறாதவர் மிகப் பலர். பிடித்தம் என ஒன்று உண்டென்றே அறியாதவர் பலர். அறிந்து கேட்கச் சென்றவர்க்கு வங்கியிலே கிடைத்த விடை, "உன் பெயரில் இங்கே எதுவுமில்லை".

சலவைக்குப் போட்ட துணிகூடக் குறி பார்த்து உரியவர் வீடு திரும்புகிறது. எண்ணிட்டு அனுப்பிய மனிதனின் கூலி திரும்பவில்லை! ஏன்? அந்த எண் அவனைத் தேடுவதற்கு இட்ட எண். அவன் தன் பணத்தைத் தேடுவதற்கு இட்டதன்று. எண்ணைக் கொடுத்தால் இருப்பைச் சொல்லும் பேரேடு ஒன்று அவன் கைக்கெட்டும் தூரத்தில் எங்கும் இல்லை. பின்னாளில், 1996 முதல், சமூகக் காப்பு எண் பெற முடியாத அயலாருக்கு அமெரிக்க வரித்துறை ஒன்பது இலக்க எண் ஒன்றை வழங்கலாயிற்று. வேலை செய்யும் உரிமையை அது தராது. ஆனால் கணக்குக் காட்டலாம், மிகையாகப் பிடித்த வரியைத் திருப்பிக் கேட்கலாம். கேட்பதற்கு உதவும் எண் அது. பிரசேரோவுக்கு வாய்க்காதது அதுதான்.

கிழவராகிவிட்டனர் அந்த இளைஞர்கள். 2001இல் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். பணத்தை அன்றே அனுப்பிவிட்டோம் என்றது வங்கி. 2002இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று. அரை நூற்றாண்டு கடந்துவிட்டதே என்ற தடையை நீக்கக் கலிபோர்னியச் சட்டமன்றம் அவ்வாண்டே தனிச் சட்டம் இயற்றியது. வழக்கு மீண்டும் உயிர்பெற்றது. 2004 பிப்ரவரியில் முதியவர் கூட்டமொன்று, அந்நாள் மெக்சிகோ அதிபர் விசென்டே பாக்ஸ் குடும்பத்தின் பண்ணைக்குள்ளேயே புகுந்து நின்று நியாயம் கேட்டது. தடியூன்றும் வயதில் படையெடுப்பு!

அடுத்த ஆண்டு மெக்சிகோ அரசு நிதியொன்று அமைத்தது. ஆளுக்கு 38,000 பெசோ. 2008இல் அமெரிக்க வழக்கும் உடன்பாட்டில் முடிந்தது. அங்கு வாழ்வோருக்குச் சுமார் 3,500 டாலர். நான்கு மாதம் உழைத்தவனுக்கும் நான்காண்டு உழைத்தவனுக்கும் ஒரே தொகை! எவரிடம் எவ்வளவு பிடித்தோம் என்ற கணக்கைக் காட்டி எண்ணிக் கொடுத்திருந்தால், அது திருப்பித் தருதல். இதற்கு என்ன பெயர் என்று நமக்குத் தெரியவில்லை.

அதையும் சும்மா கொடுத்துவிடவில்லை. "மூல ஒப்பந்தம் எங்கே? அடையாள அட்டை எங்கே? கூலிச் சீட்டு எங்கே?" என்று கேட்டனர். படம் பிடித்து, ரேகை எடுத்து, எண்ணிட்டு ஏட்டில் ஏற்றியவர்கள் அவர்கள். ஆவணம் காட்ட வேண்டியவனோ, மண்சுவர் வீட்டிலே மழைக்கும் கறையானுக்கும் இடையே அறுபது ஆண்டு வாழ்ந்தவன்! எடுக்கும்போது எண் போதுமாயிருந்தது. கொடுக்கும்போது ஏடு தேவைப்பட்டது. அட்டையைப் பெட்டியடியில் பத்திரப்படுத்திய மனைவி வாய்த்தவர் பணம் பெற்றனர். மற்றவர் வரிசையில் நின்று, காய்ப்பேறிய கையை வெறுங்கையாக விரித்துக் காட்டிவிட்டுத் திரும்பினர்.