கே. ஈ. குமார்

கே. ஈ. குமார் (இறப்பு: சனவரி 8, 2023) இந்தியத் தானுந்துப் பந்தய வீரர் ஆவார். பல்லாண்டுகள் பந்தயங்களில் பங்கேற்ற மூத்த வீரரான இவர், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் வாழ்நாள் உறுப்பினராகவும் இருந்தார். காஞ்சிபுரம் மாவட்டம் இருங்காட்டுக்கோட்டையில் உள்ள பந்தயத் தடத்தில் நிகழ்ந்த விபத்தில் தமது 59 ஆவது வயதில் உயிரிழந்தார்.

பின்னணி

சென்னைப் பகுதியில் தானுந்துப் பந்தயங்கள் தொடக்கத்தில் சோழவரத்தில் இருந்த பழைய விமான ஓடுதளத்தில் நடத்தப்பட்டன. பந்தயத்திற்கென்றே அமைக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990 இல் திறக்கப்பட்டது. இதன் நீளம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் ஆகும்.

விபத்து

2022 ஆம் ஆண்டிற்கான இந்தியத் தேசியத் தானுந்துப் பந்தய வாகையர் போட்டியின் இரண்டாம் சுற்று 2023 சனவரியில் இங்கு நடைபெற்றது. சனவரி 8 ஞாயிற்றுக்கிழமை நடந்த சலூன் கார் பந்தயத்தில், குமாரின் வண்டி மற்றொரு போட்டியாளரின் வண்டியுடன் உரசித் தடத்தை விட்டு விலகியது. பின்னர் வேலியில் மோதியது. உடனே சிவப்புக் கொடி காட்டப்பட்டுப் பந்தயம் நிறுத்தப்பட்டது. சிதைந்த வண்டியிலிருந்து மீட்கப்பட்ட குமார், தடத்திலுள்ள மருத்துவ மையத்தில் பரிசோதிக்கப்பட்டபின் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கு அவர் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

அவருக்கு மரியாதை செலுத்தும் வகையில் அன்றைய எஞ்சிய போட்டிகள் கைவிடப்பட்டன. போட்டிக் குழுத் தலைவரான விக்கி சந்தோக், குமாரை நண்பராகவும் சக போட்டியாளராகவும் பல பத்தாண்டுகள் அறிந்தவர் எனக் கூறி இரங்கல் தெரிவித்தார். தேசியக் கூட்டமைப்பும் கிளப்பும் விபத்து குறித்து விசாரணை தொடங்கின.

பந்தயப் பாதுகாப்பு

வேகம் இரு மடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். மோதலின்போது அவ்வாற்றலை ஓட்டுநரின் உடலுக்கு முன்பாக வேறு பொருள்கள் உள்வாங்கிக் கொள்ளச் செய்வதே பாதுகாப்பு ஏற்பாடுகளின் அடிப்படையாகும். சலூன் கார்களில் உட்புறம் பொருத்தப்படும் எஃகுக் கூண்டு, வண்டி உருண்டாலும் ஓட்டுநருக்குரிய இடம் நசுங்காமல் காக்கிறது. பல முனைப் பட்டைகள் அவரை இருக்கையோடு பிணைக்கின்றன. தடத்திற்கு வெளியே உள்ள சரளைப் பரப்பும் டயர் அடுக்குகளும் வண்டியின் வேகத்தைக் குறைக்கின்றன. எனினும் வண்டி தரையை விட்டு எழும்பிவிட்டால் சரளைப் பரப்பால் அதனைத் தடுக்க இயலாது. எனவே வேலியின் உயரமும் உறுதியும், வேலிக்கு அப்பாலுள்ள கட்டமைப்புகளின் தொலைவும் இன்றியமையாதவை ஆகின்றன.

இவ்வேற்பாடுகளுள் சில உயிரிழப்புகளுக்குப் பின்னரே கட்டாயமாக்கப்பட்டன. 1994 இல் இமோலாவில் ரோலண்ட் ராட்சென்பெர்கரும் 2001 இல் டேடோனாவில் டேல் எர்ன்ஹார்ட்டும் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து இறந்தனர். தலை முன்னோக்கி வீசப்படுவதைத் தடுக்கும் கழுத்துக் காப்புக் கருவி 2003 முதல் பார்முலா 1 பந்தயங்களில் கட்டாயமானது. 2014 சப்பானியப் போட்டியில் மீட்பு வாகனத்தின் மீது மோதிய சூல் பியாங்கி 2015 இல் இறந்தார். ஓட்டுநரின் தலையைச் சுற்றி அமையும் 'ஹாலோ' வளையம் 2018 இல் நடைமுறைக்கு வந்தது. 2020 இல் பகுரைனில் தடுப்பைத் துளைத்துத் தீப்பற்றிய வண்டியிலிருந்து ரோமன் குரோசான் உயிர் தப்பியதில் அவ்வளையத்திற்குப் பெரும் பங்குண்டு.

பிந்தைய நிகழ்வு

குமார் இறந்த ஏழு மாதங்களுக்குள், ஆகத்து 5, 2023 அன்று, இதே தடத்தில் தேசிய விசையுந்துப் பந்தயத்தில் பங்கேற்ற 13 வயதுச் சிறுவன் ஒருவன் கீழே விழுந்து தலையில் காயமுற்று இறந்தான். அவ்வார இறுதியின் எஞ்சிய பந்தயங்கள் நிறுத்தப்பட்டன. ஓட்டுநரைச் சுற்றிக் கூண்டோ பட்டையோ இல்லாத விசையுந்துப் பந்தயத்தில், தலைக்கவசமும் காப்புடையும் தடத்தின் அமைப்புமே வீரருக்கு உள்ள பாதுகாப்பாகும்.