சுமை இறக்கிய இடம்

ஜவ்வாது மலையின் 1:50,000 நிலவரைபடத்தை ஆம்பூரில் என் மேசைமேல் விரித்திருக்கிறேன். 20 மீட்டருக்கு ஒரு சம உயரக் கோடு. கோடுகள் நெருங்கினால் ஏற்றம் செங்குத்து. இதன் வேர் 1802இல் இருக்கிறது. அந்த ஏப்ரலில் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் 100 அடி எஃகுச் சங்கிலியால் ஏறக்குறைய 12 கி.மீ. அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாடே அளக்கப்பட்டது. அவருடைய அரை டன் தியோடலைட்டைக் குன்றுகளில் ஏற்றிய கூலிகளைப் பாடப்புத்தகத்தில் நான் படித்ததில்லை.

மலைமேல் சுமந்தவர்கள் அவர்கள் என்றால், மலையிலிருந்து சுமந்தவர்கள் பெண்கள். குரோமியம் வருமுன் எங்கள் பக்கத்துத் தோல் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும்தான் பதமானது. மலையாளிப் பழங்குடிப் பெண்கள் காட்டில் கடுக்காய் பொறுக்கினார்கள். ஆலங்காயம் பக்கம் என் பாட்டி அந்த மூட்டைகளைச் சுமந்தவள். தூரத்தை அவள் மைலில் சொன்னதே இல்லை.

“மூணு எடத்துல சொம எறக்கினா ஊரு வந்துடும்.”

மூன்றும் சுமைதாங்கிக் கற்கள். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக நடுவது வழக்கம். மூட்டையை இறக்கியதும் பாட்டி கல்லைத் தொட்டுக் கும்பிடுவாளாம்.

வரைபடத்தில் கோயிலுக்குக் குறி உண்டு, கல்லறைக்கும் உண்டு. சுமைதாங்கிக்கு? குறி விளக்கத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு, பென்சிலால் நானே இரண்டு புள்ளிகள் வைத்தேன். மூன்றாவது எந்த வளைவில் என்று சொல்லப் பாட்டி இல்லை.