குங்குமம், குர்க்கும், குர்குமின்

கடையில் குங்குமப்பூ கேட்டால் கிராம் கணக்கில் நிறுத்துத் தருவார்கள். குங்குமம் கேட்டால் பொட்டலமாக வரும். முன்னது பூவின் சூல்முடி. பின்னது வெண்காரமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் சிவக்க வைத்த மஞ்சள். வடமொழியில் குங்குமம் அந்தப் பூவுக்கே உரிய பெயர். விலை கட்டுப்படியாகாத இடத்தில் மஞ்சள் வந்து அமர்ந்து பெயரையும் எடுத்துக்கொண்டது.

அரபியிலும் இதே கதைதான். குங்குமப்பூவைக் குறித்த ‘குர்க்கும்’ என்ற சொல் மஞ்சளுக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து இலத்தீனுக்குப் போய் ‘குர்குமா’ ஆயிற்று; 1753இல் லின்னேயசு அதையே இந்தச் செடியின் பேரினப் பெயராக்கினார். 1815இல் வோகலும் பெல்லெத்தியேவும் மஞ்சளின் நிறப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் குர்குமின்.

ஆரத்தித் தட்டில் மஞ்சளைக் கரைத்து ஒரு சிட்டிகை சுண்ணாம்பு இட்டதும் நீர் செக்கச்செவேலென்று மாறுகிறதே, அந்த மாற்றம் குர்குமினுடையது. காரம் பட்டால் நிறம் மாறும். மெல்லச் சிதையவும் செய்யும். நம் இரத்தத்தின் அளவே காரத்தன்மையுள்ள வெறும் கரைசலில்கூட, உடல் வெப்பத்தில், அரைமணி நேரத்தில் 90 விழுக்காடு சிதைந்துவிடுகிறது. மஞ்சள்தூளில் குர்குமின் இருப்பதோ நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கு. மஞ்சளின் பெருமை முழுவதையும் குர்குமின் மாத்திரையின் மேல் ஏற்றுவது, குங்குமப்பூவின் பெயரை மஞ்சளுக்குக் கொடுத்தது போன்ற இன்னொரு பெயர் மாற்றம். இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

ஏனென்றால் புற்றுநோய்க்கு எதிரான நம் உடலின் காவலையே குர்குமின் குலைக்கக்கூடும் என்ற ஐயம் உண்டு. உயிரணுவுக்குள் பி53 என்ற புரதம் ஒன்று இருக்கிறது. 1979இல் கண்டுபிடித்தவர்கள் அதன் எடையை 53 கிலோடால்ட்டன் என்று மதிப்பிட்டுப் பெயர் வைத்தார்கள். உண்மையில் சுமார் 44தான். புற்றைத் தூண்டுவது இதுவே என்றுகூடப் பத்தாண்டுகள் நம்பினார்கள். 1989இல் வோகல்ஸ்டைன் குழுவினர் பெருங்குடல் கட்டிகளை ஆராய்ந்தபோதுதான், பி53 கெட்டுப்போன இடத்தில் புற்று வளர்கிறது என்பது தெரிந்தது. அன்று முதல் அது கட்டியடக்கி. மரபுப்பொருள் பழுதான உயிரணுவைப் பெருகவிடாமல் நிறுத்துவதும், திருத்த முடியாததைச் சாகவைப்பதும் அதன் வேலை.

குர்குமின் இந்தக் காவலுக்குத் துணைநிற்கும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். சிலவகைப் புற்று உயிரணுக்களில் அது பி53இன் அளவைக் கூட்டியதாகவும் ஆய்வுகள் வந்தன. ஆனால் 2004இல் வெளியான ஓர் ஆய்வு, பெருங்குடல் புற்று உயிரணுக்களில் நேர்மாறானதைக் காட்டியது. குர்குமின் பி53இன் மடிப்பையே கலைத்தது. மடிப்புக் கலைந்த புரதத்தால் டி.என்.ஏ.வைப் பற்ற முடியவில்லை. உயிரணுப் பெருக்கத்தை நிறுத்தும் ஆணையும் பிறக்கவில்லை. அழற்சியைத் தணிக்கும் குர்குமினின் அதே வேதிப்பகுதிதான் இதற்கும் காரணம் என்பது அந்த ஆய்வாளர்களின் முடிவு.

இது ஆய்வகத் தட்டில் வளர்த்த உயிரணுக்களில் கண்டது. மனிதக் குடலில் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. சமையல் மஞ்சளுக்கு இதனால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் செறிவூட்டிய குர்குமின் மாத்திரை வேறு பொருள். கீமோதெரபி மருந்துகள் சில, பி53 செயல்படுவதை நம்பியே வேலை செய்கின்றன. சிகிச்சையில் இருப்பவர்கள், இயற்கை மருந்துதானே என்று எண்ணித் தாமாக அதை விழுங்க வேண்டாம். புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லிவிட்டு முடிவெடுங்கள்.