டச்சுக் கூட்டுச்சொற்களின் அசைப்பிரிப்பு
டச்சு மொழியில் கூட்டுச்சொற்கள் இடைவெளியின்றி எழுதப்படுகின்றன. அழுத்தம் பெரும்பாலும் முதல் உறுப்பில் விழும். வரியிறுதியில் சொல்லை உறுப்புகள் சேரும் இடத்தில் முறிப்பர். அதற்குப் பொருள் தெரிய வேண்டும்: 'க்வார்ட்ஸ்லாகென்' என்பது 'க்வார்ட்-ஸ்லாகென்' எனில் கால் திருப்பங்கள், 'க்வார்ட்ஸ்-லாகென்' எனில் குவார்ட்சுக் கல் அடுக்குகள். அழுத்தம் இங்கே உதவாது. இரண்டிலும் அது முதலசையிலேயே உள்ளது.

பெரிய சர்ச்சை, உறுப்புகளுக்கிடையே வரும் 'ன்' பற்றியது. 'பச்சைப் புத்தகம்' எனப்படும் 1954ஆம் ஆண்டுச் சொற்பட்டியல், முதல் உறுப்பு பன்மையை உணர்த்தினால்தான் அதை எழுதச் சொன்னது. அப்பம் சுட ஒரு வாணலி போதும் என்பதால் 'பன்னெகூக்' என்றே எழுதினர். 1995 சீர்திருத்தம் பொருளை விட்டு, முதற்சொல்லின் பன்மை வடிவத்தைப் பார்த்தது. 'பன்-னெ-கூக்' இதனால் 'பன்-னென்-கூக்' ஆனது. அழுத்தம் 'பன்' மீதே நின்றது. பலரின் பேச்சில் புதிய 'ன்' ஒலிப்பதே இல்லை.