கமா விழும் இடம்

சென்னையில் 12,34,567 என்று அச்சாகும் தொகை, சிங்கப்பூர்த் தமிழர் கையில் 1,234,567 ஆகிறது. மொழி ஒன்றுதான். இங்கே லட்சமும் கோடியும், அங்கே மில்லியன். ஜெர்மனிக்குப் போனால் அதே எண் 1.234.567, கமா அங்கே பின்னத்துக்கு முன்னால் வரும்.

இதைக் கணினி அறியாமல் இல்லை. 1989இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்ட சி மொழித் தரத்தில், இலக்கங்களைப் பிரிக்கும் அளவு ஒற்றை எண்ணாக இல்லாமல் வரிசையாகவே அமைந்தது. வலப்பக்கம் முதலில் மூன்று, அப்புறம் இரண்டிரண்டு என்று குறித்தால் லட்சக் கணக்கு தானாக வந்துவிடும். லினக்ஸின் இந்தியத் தமிழ் அமைப்பு இன்றும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

1997இல் ஜாவா 1.1 வந்தபோது இந்த நுட்பம் கைநழுவியது. அதன் எண் வடிவமைப்பானில் பிரிவு அளவு ஒன்றே ஒன்று. வடிவத்தில் பல கமாக்களை இட்டாலும் கடைசி இடைவெளி மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும் என்று அதன் ஆவணமே சொல்கிறது. கோடிக்கணக்கானோர் எண்ணும் முறைக்கு அதில் இடமே வைக்கவில்லை! ஐபிஎம் வளர்த்த ஐசியு நூலகம் ‘இரண்டாம் பிரிவு அளவு’ என்ற ஒன்றைச் சேர்த்து அக்குறையைத் தீர்த்தது.

அடுத்து, எந்த ஊருக்கு எந்த முறை என்ற பட்டியல் வேண்டியிருந்தது. 2004இல் முதல் பதிப்பு கண்டு, அதே ஆண்டு யூனிகோடு கூட்டமைப்பிடம் வந்த சிஎல்டிஆர் தரவுத்தொகுப்பு அந்தப் பட்டியல். தமிழின் பொது வடிவம் அதில் லட்சக் கணக்கு. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் மட்டும் மும்மூன்றாகப் பிரிக்கும் விதிவிலக்கு. ஆகவே ‘தமிழ்’ என்ற குறிப்பு மட்டும் இணையச் சேவைக்குப் போதாது, நாடும் தெரிய வேண்டும். உலாவி ஒவ்வொரு கோரிக்கையோடும் மொழி விருப்பத்தை அனுப்புகிறது. ஆனால் மதுரையில் இருப்பவரின் உலாவியிலும் அமெரிக்க ஆங்கிலமே அமைந்திருக்கக்கூடும். பயனரே தேர்ந்தெடுக்க ஓர் இடம் தருவதுதான் நேர்மை.

மொழியையும் நாட்டையும் பற்றிய யூகத்தில் நாணயத்தைக் கலக்கவே கூடாது. அது வாசகரைச் சார்ந்ததல்ல, விலையைச் சார்ந்தது. இந்திய ரூபாய்க்கு ஐஎன்ஆர், இலங்கை ரூபாய்க்கு எல்கேஆர் என 1978இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 4217 தரம் மூன்றெழுத்துக் குறியீடுகளைத் தருகிறது. சிங்கப்பூர் வெள்ளியில் சொன்ன விலையைச் சென்னை வாசகருக்குக் காட்டும்போது கமா இடம் மாறலாம். வெள்ளிக் குறி ₹ ஆகிவிட்டால் விலையே பொய்யாகிவிடும்.